ஒற்றைக்கொம்பு

தலைப்பு ஏட்டைச் செல் அரித்துவிட்டது.
பாடியவன் பெயர் தெரியாது.
போளூருக்கு மேற்கே ஒரு கோயிலின் மெழுகுதிரிப் பெட்டியில்
கிடைத்தவை நூற்றுப் பதினேழு ஏடுகள்.
நாற்பத்து மூன்றாவதில்
மோயீசன் மலையிறங்குகிறான்:

      நம்பினோர்க் கீந்த நல்லுரைப் பலகை
      கொம்புறு முகத்தன் கொணர்ந்தனன் இழிந்தே

இன்று காலையும் விளக்குக்கரி தடவித் துடைத்துப் பார்த்தேன்.
கொம்புதான்.

முப்பத்தொன்றில் இதை முதலில் அச்சேற்றிய
ராணிப்பேட்டை ஞானாபரணம் பண்டிதர்
தம் வேதத்தில் கொம்பைக் கண்டதில்லை.
ஏடெழுதினவன் கை தவறியது என்று முடிவுகட்டி
செம்புறு முகத்தன் ஆக்கினார்.
எதுகை உடையவில்லை.
மோனை போகுமே என்று
கொணர்ந்தனனைச் சேர்த்தனன் ஆக்கினார்.
தப்பையும் இலக்கணமாகச் செய்கிற கை.
கோபம் வரவில்லை எனக்கு.
சித்திரையில் நாலு மணிக்குக் கோட்டை மதிலோரம் நடந்தவர் எவரும்
முகம் செம்பாகும் என்பதை மறுக்கமாட்டார்கள்.

என் வீட்டு வேதாகமத்திலும் கொம்பு இல்லை.
ஞாயிறுதோறும் நான் கேட்டு வளர்ந்த மோசே
பிரகாசமானவர், முக்காடு போட்டவர்.
அந்த வசனத்தை அடிக்குறிப்பில் வைத்தால்
பாடியவன் கிறுக்கனாகிறான்,
பண்டிதர் ஜெயிக்கிறார்.

ஆயர் இல்லத்து நூலகத்தில் லூர்துநாதன்
சாவி தேடி, பூட்டுக்கு எண்ணெய் விட்டு,
கண்ணாடி அலமாரியைத் திறந்தார்.
யாத்திராகமம் முப்பத்து நாலு, இருபத்தொன்பது.
கொர்னூத்தா.
கொம்புள்ளது, அவ்வளவுதான் லத்தீன்.
அவன் காதில் விழுந்த வேதம் இது.
விழுந்ததை
ஒரு மயிரளவு கூட்டாமல் குறைக்காமல்
ஏட்டில் கீறியிருக்கிறான்.

'லத்தீனை எவன் படிப்பான்? எல்லாரும் வைத்திருக்கிற வேதத்தைப் போடுங்க.'
பதிப்பாளர், தொலைபேசியில்.
எல்லாரும் வைத்திருப்பது
அவனிடம் இல்லையே என்றேன்.
'உங்களுக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு?'

லாங்கு பஜாரில் ஃபயாஸ் கடை.
கரண்ட் போய், வந்து, மறுபடி போய், வந்தது.
அடிக்குறிப்பைத் தட்டியவன்
எழுத்துருவை மாற்ற மறந்தான்.
லத்தீன் தமிழ் வேஷத்தில் திரையில் நின்றது:

      உழசரெவய

உழவு போல ஆரம்பித்து
எங்கோ போய் முட்டி நின்ற சொல்.
'மேடம், இங்கயும் ஒண்ணு முளைச்சிருக்கு' என்று
நடுவிலிருந்த ஒற்றைக்கொம்பைத் தொட்டுக் காட்டினான்.
பிறகு, சிரிக்காமல்:
'மூசா நபிக்கா கொம்பு?'

எபிரேயத்தில் கொம்புக்கும் கதிர் வீசுவதற்கும்
ஒரே வேர், என்றேன்.
லத்தீனில் பெயர்த்தவர் கொம்பின் பக்கம் போனார்.
'கர்ன்' என்றான்.
'துல்கர்னைன்னு குர்ஆன்ல வரும்.
ரெண்டு கொம்புக்காரர்.
ரெண்டு யுகத்துக்காரர்னும் சொல்வாங்க,
எங்க ஹஜ்ரத் ரெண்டையும் சொல்லிட்டு
பாடத்தை முடிச்சிருவார்.'

முடித்துவிடலாம்தான்.
பாடத்தில் கொம்பு, குறிப்பில் லத்தீன்,
பண்டிதரின் செம்பு பாடபேதமாக, சிறிய எழுத்தில்.
(அழகான பேதம் என்று எழுதி, அடித்துவிட்டேன்.
அது பதிப்பாசிரியர் வேலை இல்லை.)

அதே வசனத்தில் இன்னொரு சொல் உண்டு.
குறிப்பில் அதற்கு இடமில்லை.
இக்னொராபாத்:
அறியாதிருந்தான்.
தன் முகத்தில் இருந்தது
ஒளியா கொம்பா என்று
உலகம் இத்தனை நூற்றாண்டு வழக்காடுகிறது,
அவனுக்கோ
எதுவோ இருப்பதே தெரியாது.

காட்பாடி பஸ்ஸில் ஜன்னல் சீட்டு.
பாலாற்றுப் பாலம்;
கீழே மணல், மணலில் கிரிக்கெட்.
எதிர் சீட்டுக் குழந்தை
ஏறினதிலிருந்து
என் நெற்றியையே பார்த்துக்கொண்டு வருகிறது.